எல்விஸின் 30 முதலிடங்கள்: ஒரு வெற்றித் தொகுப்பின் கணக்கு வழக்கு

2002 செப்டம்பர் 24 அன்று அமெரிக்கக் கடைகளுக்கு ஒரு சிடி வந்தது. பாடியவர் இறந்து 25 ஆண்டுகள் கடந்திருந்தன. அதில் இருந்த பாட்டுகள் ஏறக்குறைய எல்லாமே வேறு வேறு அட்டையில், வேறு வேறு விலையில் பலமுறை விற்றவை. அவருடைய ரசிகர் என்று சொல்லிக்கொள்பவர் வீட்டில் அவற்றில் பாதியாவது முன்பே இருந்திருக்கும். இருந்தும் முதல் வாரத்தில் சுமார் 5 லட்சம் பிரதிகள் போயின. அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டின் ஆல்பம் பட்டியலில் அது நேராக முதலிடத்தில் போய் உட்கார்ந்தது. எல்விஸ் பிரெஸ்லி உயிரோடு இருந்த காலத்தில் அவருடைய எந்த ஆல்பமும் நுழைந்த வாரமே முதலிடம் பிடித்ததில்லை. அவர் கடைசியாக அந்த இடத்தில் இருந்தது 1973இல், ஹவாயிலிருந்து செயற்கைக்கோள் வழியே ஒளிபரப்பான கச்சேரியின் ஆல்பம் வந்தபோது.

சிடியின் பெயர் 'எல்விஸ்: 30 நம்பர் ஒன் ஹிட்ஸ்'. அட்டையில் அவர் பெயரின் நடுவே வரும் 'ஐ' என்ற ஆங்கில எழுத்தை எடுத்துவிட்டு, அங்கே 1 என்ற எண்ணை நிறுத்தியிருந்தார்கள். சொல்லப்போனால் அந்த அட்டையிலேயே தொகுப்பின் தத்துவம் முழுக்க இருக்கிறது.

மறைந்த கலைஞரின் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' வரும்போதெல்லாம் நாம் அதை ஒரு நினைவாஞ்சலியாக எடுத்துக்கொள்கிறோம். நிறுவனமும் அப்படித்தான் விளம்பரம் செய்கிறது. எந்தப் பாட்டு உள்ளே வரும், எது வெளியே நிற்கும், ஏன் அந்த ஆண்டில் வருகிறது என்பதையெல்லாம் தீர்மானிப்பது பெரும்பாலும் ரசனையல்ல. ஒரு விதி, ஒரு பழைய ஒப்பந்தம், ஒரு காப்புரிமைக் காலக்கெடு ஆகிய மூன்றும்தான். எல்விஸின் இந்தத் தொகுப்பில் மூன்றும் வெளிப்படையாகத் தெரிவதால் இதை எடுத்துக்கொண்டேன்.

முதலில் வெற்றித் தொகுப்பு என்ற சரக்கே எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். 1958இல் கொலம்பியா நிறுவனத்தின் பாடகர் ஜானி மாத்திஸ் வெளிநாட்டுச் சுற்றுப்பயணத்தில் இருந்தார்; புதுப் பாட்டு பதிவு செய்ய ஆள் இல்லை. ஏற்கெனவே ஓடிய அவருடைய சிங்கிள்களை, அதாவது தனித்தட்டாக வந்த பாட்டுகளை, ஒரே எல்பி இசைத்தட்டில் சேர்த்து 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்று பெயர் போட்டு விற்றார்கள். அது பில்போர்டு பட்டியலில் 490 வாரம் நின்றது. அதே ஆண்டு மார்ச்சில் எல்விஸ் ராணுவத்துக்குப் போனார். அந்த மாதமே அவருடைய இசைத்தட்டு நிறுவனமான ஆர்சிஏ 'எல்விஸ்' கோல்டன் ரெக்கார்ட்ஸ்' என்ற 14 பாட்டுத் தொகுப்பை இறக்கியது. இரண்டு தொகுப்புக்கும் காரணம் ஒன்றுதான்: பாடகர் ஊரில் இல்லை. எல்விஸ் ஜெர்மனியில் ராணுவச் சீருடையில் இருந்த நாட்களில் அவருடைய மேலாளர் கர்னல் டாம் பார்க்கர் புதுப் பதிவுகள் எதையும் செய்யவிடாமல், கையிருப்பில் இருந்த பாட்டுகளையும் பழைய வெற்றிகளையும் அளந்து அளந்து வெளியிட்டார். ஆள் இல்லாமலேயே ஆளை விற்க முடியும் என்பதை அவர் அப்போதே கற்றுக்கொண்டார். 1977 ஆகஸ்ட் 16இல் மெம்பிஸில் 42 வயதில் எல்விஸ் இறந்தபோது, இண்டியானாபொலிஸில் இருந்த ஆர்சிஏவின் இசைத்தட்டு ஆலை இரவு பகலாக ஓடியது. எல்லாருக்கும் வேலை முன்பே பழகியிருந்தது.

அதற்குப் பிறகு வந்த தொகுப்புகளில் பல படு மோசம். ஒலி சுமார், பாட்டுத் தேர்வு தாறுமாறு, அட்டைப்படம் கண்ணில் ஒற்றிக்கொள்ள முடியாத ரகம். 1986இல் ஆர்சிஏவை ஜெர்மனியின் பெர்டெல்ஸ்மன் குழுமம் வாங்கியது. அதன் இசைப் பிரிவான பிஎம்ஜியில்தான் நிலைமை சீரானது. எர்ன்ஸ்ட் யோர்கன்சன் என்ற டென்மார்க்காரரும் ரோஜர் செமன் என்ற ஆங்கிலேயரும் எல்விஸின் டேப்புகளைத் தேடி, அடுக்கி, தேதிவாரியாகப் பிரித்தார்கள். 1992இல் ஐம்பதுகளின் பதிவுகள் முழுவதும் ஐந்து சிடிப் பெட்டியாக வந்தன. இந்தத் துப்புரவு வேலை நடந்திருக்காவிட்டால் 2002 சிடிக்குத் தரமான மூலம் கிடைத்திருக்காது.

நேரடித் தூண்டுதல் வேறு இடத்திலிருந்து வந்தது. 2000 நவம்பரில் பீட்டில்ஸ் குழுவின் '1' என்ற தொகுப்பு வெளியானது. பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ முதலிடம் பிடித்த 27 பாட்டுகள், ஒரே சிடியில், காலவரிசையில். பிரிந்து 30 ஆண்டு ஆன ஒரு குழுவின் அந்தத் தட்டு, அந்தப் பத்தாண்டில் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற ஆல்பமாக ஆனது. அதைப் பார்த்த எந்த நிறுவனமும் தன் அலமாரியைத் திறந்து பார்க்காமல் இருக்குமா? பிஎம்ஜி அலமாரியில் எல்விஸ் இருந்தார். நினைவு நாளின் வெள்ளிவிழா வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் 'முதலிடம்' என்பதை எப்படி எண்ணுவது என்பதில் எல்விஸுக்குச் சிக்கல் உண்டு. பில்போர்டின் 'ஹாட் 100' என்ற ஒற்றைப் பட்டியல் 1958 ஆகஸ்டில்தான் பிறந்தது. அதற்கு முன் அந்தப் பத்திரிகை கடைகளில் விற்பவை, வானொலியில் ஒலிப்பவை, ஜூக்பாக்ஸில் காசு போட்டுக் கேட்பவை என்று தனித்தனிப் பட்டியல்கள் போட்டது. எல்விஸின் உச்ச காலம் சரியாக அந்த ஆண்டுகள். 'ஹவுண்ட் டாக்', 'டோன்ட் பி குருவெல்' இரண்டும் ஒரே தட்டின் இரண்டு பக்கங்கள். சேர்ந்து 11 வாரம் உச்சியில் இருந்தன. அதை ஒன்றாக எண்ணுவதா இரண்டாக எண்ணுவதா? அமெரிக்காவில் எல்விஸுக்கு 17 முதலிடம் என்பவரும் உண்டு, 18 என்பவரும் உண்டு.

தொகுப்பின் 30 பாட்டுகளையும் பட்டியல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் கணக்கு இப்படி வருகிறது. பில்போர்டின் ஏதாவது ஒரு பாப் பட்டியலில் முதலிடம் தொட்டவை 17. அங்கே முதலிடம் எட்டாமல் பிரிட்டனில் எட்டியவை 11. 'கான்ட் ஹெல்ப் ஃபாலிங் இன் லவ்', 'ரிட்டர்ன் டு செண்டர்', 'டெவில் இன் டிஸ்கைஸ்' எல்லாம் இந்த வகை. 'உடன் ஹார்ட்' பிரிட்டனின் 1961ஆம் ஆண்டு வெற்றி. ஆக 28. மீதி இரண்டு?

'இன் த கெட்டோ' பில்போர்டில் மூன்றாம் இடம், பிரிட்டனில் இரண்டாம் இடம். 'பர்னிங் லவ்' பில்போர்டில் இரண்டாம் இடத்தில் நின்றுவிட்டது. 1972 இலையுதிர் காலத்தில் அதை மேலே போகவிடாமல் மறித்தது யார் தெரியுமா? ராக் அண்ட் ரோலின் இன்னொரு மூத்தவரான சக் பெரி, அதுவும் இரட்டை அர்த்தக் கும்மாளப் பாட்டு ஒன்றோடு. இந்த இரண்டையும் உள்ளே கொண்டுவர விதியைக் கொஞ்சம் தளர்த்தி, வேறு பட்டியல்களையும் வேறு நாடுகளையும் சேர்த்துக்கொண்டார்கள். 'பர்னிங் லவ்' கேஷ் பாக்ஸ் என்ற போட்டிப் பத்திரிகையின் பட்டியலில் முதலிடம்; 'இன் த கெட்டோ' மேற்கு ஜெர்மனியில் முதலிடம். பீட்டில்ஸ் தரப்பு இதில் கறாராக இருந்தது: 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' சில பிரிட்டிஷ் பட்டியல்களில் முதலிடம் பிடித்தது, ஆனால் அவர்கள் ஏற்றுக்கொண்ட பட்டியலில் பிடிக்கவில்லை என்பதற்காக வெளியே நிறுத்தினார்கள். வேடிக்கை என்னவென்றால், விதியைத் தளர்த்தி இரண்டை உள்ளே விட்ட அதே எல்விஸ் தொகுப்பு, 1956 ஜூலையில் பில்போர்டின் விற்பனைப் பட்டியலில் ஒரு வாரம் உச்சியில் இருந்த 'ஐ வான்ட் யூ, ஐ நீட் யூ, ஐ லவ் யூ' பாட்டை விட்டுவிட்டது. தளர்த்தியது சரி என்றே நான் நினைக்கிறேன். அந்த இரண்டு பாட்டும் இல்லாமல் எல்விஸின் பிற்காலம் என்று காட்ட அதில் மிஞ்சுவது சொற்பம். ஆனால் அதைச் செய்த பிறகு அட்டையில் இருக்கும் எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

எந்த ஆண்டு எத்தனை பாட்டு என்று பிரித்துப் பார்ப்பது இன்னும் சுவாரசியம். 30இல் 23 பாட்டுகள் 1956 தொடங்கி 1962 முடிவதற்குள் வெளிவந்தவை. மீதி 15 ஆண்டு வாழ்க்கைக்கு ஏழே பாட்டு. 1965இன் 'கிரையிங் இன் த சேப்பல்' பாட்டுக்கு அடுத்து நிற்பது 1969இன் 'இன் த கெட்டோ'. நடுவில் நான்கு ஆண்டு வெற்றிடம். அந்த 'கிரையிங் இன் த சேப்பல்'கூட 1960இல் பாடி அலமாரியில் வைத்திருந்ததுதான். ஹாலிவுட்டில் வருடத்துக்கு மூன்று படம் என்று தேய்ந்துகொண்டிருந்த காலத்தை இந்தத் தொகுப்பு ஒரு வார்த்தை பேசாமல் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

எண் விழுங்கிவிட்டவற்றின் பட்டியல் பெரிது. ஆர்சிஏவுக்கு முன் அவர் இருந்த சன் நிறுவனத்தில் சாம் ஃபிலிப்ஸ் பதிவு செய்த 'தட்ஸ் ஆல் ரைட்', 'மிஸ்டரி டிரெயின்' போன்றவை இல்லை. ராக் அண்ட் ரோலின் பிறப்பு என்று வரலாற்று நூல்கள் எதைச் சொல்கின்றனவோ அது, அதன் நாயகனின் அதிகாரபூர்வத் தொகுப்பில் கிடையாது. காரணம் எளிது: அவை பாப் பட்டியல்களின் உச்சிக்குப் போகவில்லை. 'ப்ளூ ஸ்வேட் ஷூஸ்' இல்லை. 'விவா லாஸ் வேகாஸ்' இல்லை. 'ஆல்வேஸ் ஆன் மை மைண்ட்' இல்லை. 1968 டிசம்பரில் தொலைக்காட்சியில் கறுப்புத் தோல் உடையில் வந்து அவர் மறுபிறவி எடுத்த நிகழ்ச்சியின் முத்தாய்ப்பான 'இஃப் ஐ கேன் டிரீம்' இல்லை; அது 12ஆம் இடம்தான். எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது தேவாலயப் பாடல்கள் இல்லாதது. எல்விஸ் போட்டியில் வென்ற கிராமி விருதுகள் மூன்று. மூன்றும் காஸ்பெல் பாடல்களுக்காக, 1967, 1972, 1974 வெளியீடுகளுக்குக் கிடைத்தவை. ஒன்றுகூட ராக் பாட்டுக்கு இல்லை. சிறு வயதிலிருந்து அவர் உயிராக நினைத்த அந்த இசையிலிருந்து 'கிரையிங் இன் த சேப்பல்' மட்டும் பிரிட்டனில் முதலிடம் பிடித்த ஒரே தகுதியால் உள்ளே வந்திருக்கிறது.

இதுவும் புதிதல்ல. பாப் மார்லி இறந்து மூன்று ஆண்டு கழித்து 1984இல் வந்த 'லெஜண்ட்' தொகுப்பைப் பாருங்கள். காதலும் கனிவுமாகக் கேட்பதற்கு இதமான பாட்டுகளே மேலோங்கியிருக்கும். கோபக்கார மார்லியைத் தேடிப்பிடிக்க வேண்டும். உலகமே மார்லியை அந்த ஒரு தட்டின் வழியாகத்தான் அறிந்திருக்கிறது. அங்கே தேர்ந்தவர்கள் காதைக் கொண்டு தேர்ந்தார்கள், எல்விஸ் தரப்பு பட்டியலைக் கொண்டு தேர்ந்தது. பட்டியல் குறைந்தபட்சம் சாயம் பூசாது என்று வாதாடலாம்.

ஒலி விஷயத்தில் இந்தச் சிடியைக் குறை சொல்ல மாட்டேன். பழைய மாஸ்டர் டேப்பை எடுத்துச் சத்தத்தைக் கூட்டி விட்டுவிடாமல், தயாரிப்பாளர் டேவிட் பெண்டெத் பல தடங்களில் பதிவான டேப்புகள் கிடைத்த பாட்டுகளை மூலத்திலிருந்தே மறுபடி மிக்ஸ் செய்தார், அதாவது தடம் தடமாகப் பிரித்துப் புதிதாகக் கலந்தார். ஐம்பதுகளின் பாட்டுகளில் இதற்கு வழியில்லை. 'ஹார்ட்பிரேக் ஹோட்டல்' 1956 ஜனவரி 10இல் நாஷ்வில்லில் மோனோவாகப் பதிவானது. பாடகரும் கிடாரும் பியானோவும் எதிரொலியும் ஒரே தடத்தில் ஒட்டிக்கிடக்கின்றன. சன் ஸ்டுடியோவின் எதிரொலியைப் பிடிக்கத் தெரியாமல் ஆர்சிஏ பொறியாளர்கள் வெளியே இருந்த கூடத்தில் ஒலியை ஓடவிட்டுப் பிடித்தார்கள். ஆளில்லாத ஓட்டல் தாழ்வாரத்தில் ஒருவன் தனியாகப் பாடுவது போன்ற அந்தக் குரல் அப்படிக் கிடைத்ததுதான். அதைப் பிரித்து எடுக்க 2002இல் யாராலும் ஆகவில்லை. தூசு தட்டினார்கள், அவ்வளவே.

'ஆர் யூ லோன்சம் டுநைட்' வேறு கதை. 1960 ஏப்ரல், நாஷ்வில்லின் ஸ்டுடியோ பி, விடிகாலை நான்கு மணி வாக்கில் எல்விஸ் விளக்கை எல்லாம் அணைக்கச் சொன்னார். பார்க்கர் தன் மனைவிக்குப் பிடித்த பாட்டு என்று கேட்டுக்கொண்டதால் எடுத்த பாட்டு அது. எந்தப் பாட்டு பாட வேண்டும் என்பதில் பார்க்கர் வாய் திறந்தது அபூர்வம். இருட்டில் பாடி முடித்த எல்விஸுக்குத் திருப்தி இல்லை, இதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்றார். கடைசி வரிகளில் யாரோ எதிலோ இடித்த சத்தம் வேறு பதிவாகியிருந்தது. பொறியாளர் பில் போர்ட்டர் முடிவை மட்டும் இன்னொரு முறை பாடவைத்து ஒட்டினார். மூன்று தடங்களில் பதிவான இந்தப் பாட்டைப் புது மிக்ஸில் ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டுப்பாருங்கள். பேச்சாக வரும் நடுப்பகுதியில் அவர் மூச்சு இழுப்பது காதுக்கு வெகு அருகில் கேட்கும். பழைய எல்பிகளில் அது இத்தனை துலக்கமாக இருந்ததில்லை. மறுபடி மிக்ஸ் செய்வதே பாவம் என்று நினைக்கும் தூய்மைவாதிகளோடு எனக்கு ஒத்துப்போகாத இடம் இது.

சிடியின் 31ஆவது பாட்டாக, 30க்கு மேல் ஒரு கொசுறாக, 'எ லிட்டில் லெஸ் கான்வர்சேஷன்' ரீமிக்ஸ் இருந்தது. உண்மையில் கடைக்கு ஆளை இழுத்துவந்ததே அதுதான். மாக் டேவிஸும் பில்லி ஸ்டிரேஞ்சும் எழுதிய அந்தப் பாட்டு 1968இல் ஒரு படத்துக்காகப் பாடப்பட்டது; அமெரிக்கப் பட்டியலில் 69ஆம் இடத்தோடு மறைந்துபோன தோல்விப் பாட்டு. அதே ஆண்டு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக மறுபடி பாடிப் பயன்படுத்தாமல் விட்ட பதிவு பின்னாளில் வெளியே வந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த ஜங்கி எக்ஸ்எல் என்ற டிஜே அதன்மேல் நடனத் தாளம் கட்டினார். 2002 உலகக் கோப்பைக்காக நைக்கி எடுத்த விளம்பரத்தில், கப்பலுக்குள் கூண்டு கட்டி நட்சத்திர வீரர்கள் பந்தாட, பின்னணியில் இந்தப் பாட்டு ஓடியது. ஜூனில் பிரிட்டனில் முதலிடம், நான்கு வாரம். அதுவரை 17 முதலிடங்களோடு பீட்டில்ஸும் எல்விஸும் அங்கே சமநிலையில் இருந்தார்கள், இது 18ஆவது. போதைக்கு அடிமை என்ற பொருள் வரும் டிஜேயின் பெயர் மட்டும் எல்விஸ் தரப்பை நெளியவைத்தது, மாத்திரைகளால் சீரழிந்து இறந்தவர் அல்லவா. தட்டில் பெயர் வெறும் 'ஜேஎக்ஸ்எல்' என்று சுருங்கியது. பிறகு அவர் டாம் ஹோல்கன்பார்க் என்ற இயற்பெயரில் ஹாலிவுட் படங்களுக்கு இசையமைக்கப் போய்விட்டார்.

இனி பணம். இவ்வளவு விற்ற தட்டில் எல்விஸின் வாரிசுக்கு எவ்வளவு வந்திருக்கும்? பாடகர் பங்கு என்ற வகையில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை.

1973 மார்ச்சில் பார்க்கர் ஆர்சிஏவோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். அதுவரை எல்விஸ் பதிவு செய்த எல்லாப் பாட்டுகளின் எதிர்கால ராயல்டியையும் 54 லட்சம் டாலருக்கு நிறுவனத்துக்கே விற்றுவிடுவது. தொகை இருவருக்கும் பாதிப் பாதி. கூடவே போட்ட பக்க ஒப்பந்தங்களையும் சேர்த்தால் பார்க்கருக்குப் போனது பாடகருக்குப் போனதைவிட அதிகம். அப்போது எல்விஸுக்கு விவாகரத்துச் செலவு தலைக்கு மேல் நின்றது, வருமான வரி வேறு. பழைய பாட்டுகளுக்கு இனி என்ன பெரிய மவுசு இருக்கப்போகிறது என்றுதான் 1973இல் பலரும் நினைத்திருப்பார்கள். பழைய பாட்டை விற்பதே ஒரு தொழிலாகும், சிடி என்று ஒன்று வந்து எல்லாரும் ஒரே பாட்டை இரண்டாம் முறை வாங்குவார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

அந்த ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு 2002 சிடியின் பாட்டுகளைப் பாருங்கள். 30இல் 29 பாட்டு 1973 மார்ச்சுக்கு முன் பதிவானவை. தப்பியது ஒன்றே ஒன்று, கடைசிப் பாட்டான 'வே டௌன்'. 1976 அக்டோபரில் ஸ்டுடியோவுக்குப் போகவே மனமில்லாமல் இருந்த எல்விஸுக்காக ஆர்சிஏ தன் ஒலிப்பதிவு வண்டியை கிரேஸ்லேண்ட் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. செயற்கை அருவியும் பச்சைக் கம்பளமுமாக இருந்த அந்த வீட்டின் பொழுதுபோக்கு அறையில் பதிவான பாட்டு அது. அவர் இறந்தபோது பட்டியலில் இருந்தது. இறந்த பிறகு பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடம்.

எல்விஸின் தந்தை வெர்னன் 1979இல் இறந்த பிறகு, மகள் லிசா மேரி சிறுமியாக இருந்ததால் நீதிமன்றம் அவள் நலனைக் கவனிக்க ஒரு வழக்கறிஞரை நியமித்தது. அவர் கணக்குகளைத் தோண்டி, பார்க்கர் வாங்கிய பங்கு நியாயத்துக்கு மிஞ்சியது, 1973 விற்பனை பாடகரின் நலனுக்கு எதிரானது என்று அறிக்கை கொடுத்தார். வழக்கு போய் 1983இல் சமரசத்தில் முடிந்தது. பார்க்கர் விலக்கப்பட்டார். விற்ற ராயல்டி திரும்பவில்லை.

குடும்பத்துக்கு மிஞ்சியவற்றில் ஒன்று பாடல் பதிப்புரிமையின் பங்கு. ஐம்பதுகளிலேயே ஹில் அண்ட் ரேஞ்ச் என்ற பதிப்பகத்தோடு சேர்ந்து எல்விஸ் பெயரிலும் அவருடைய தாய் கிளாடிஸ் பெயரிலும் துணை நிறுவனங்கள் அமைத்திருந்தார்கள். எல்விஸ் பாட வேண்டுமானால் எழுதியவர் தன் பங்கில் ஒரு துண்டை வெட்டிக் கொடுக்க வேண்டும். 'டோன்ட் பி குருவெல்' எழுதிய ஓட்டிஸ் பிளாக்வெல் பெயரோடு எல்விஸ் பெயரும் பாடலாசிரியராக அச்சானது இப்படித்தான். 1969இல் 'சஸ்பிஷியஸ் மைண்ட்ஸ்' பதிவானபோதும் எல்விஸின் ஆட்கள் பங்கு கேட்டார்கள். மெம்பிஸ் தயாரிப்பாளர் சிப்ஸ் மோமன், வேண்டுமானால் டேப்பை வைத்துவிட்டுப் போங்கள் என்கிற அளவுக்கு முறுக்கிக்கொண்டார். அது அவர் மசியாமலேயே வெளிவந்து, அமெரிக்காவில் எல்விஸின் கடைசி முதலிடப் பாட்டாக ஆனது. பாடகி டாலி பார்ட்டனிடமும் அவர் எழுதிய 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாட்டுக்கு இதே பங்கைக் கேட்டு, அவர் மறுத்து, அந்தப் பாட்டு எல்விஸுக்குக் கிடைக்காமலே போனது. தொகுப்பில் இல்லாத பாட்டுகளின் பட்டியலில் இப்படிப்பட்ட பேரங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, காப்புரிமைக் காலக்கெடு. அமெரிக்காவில் இது பெரிய பிரச்சினை இல்லை. ஐரோப்பாவில் அப்போது ஒலிப்பதிவுக்கு 50 ஆண்டுதான் பாதுகாப்பு. 1954இன் சன் பதிவுகள் 2005 ஜனவரி 1 முதல், 1956இன் 'ஹார்ட்பிரேக் ஹோட்டல்' வகையறா 2007 ஜனவரி 1 முதல் யார் வேண்டுமானாலும் அச்சடித்து விற்கலாம். 2002இல் பிஎம்ஜி அலுவலகத்தில் இந்தத் தேதிகள் தெரியாதவர் இருந்திருக்க முடியாது. வேலி இடிவதற்குள் விளைந்ததை அறுத்துவிட வேண்டும் என்ற அவசரம் நினைவு நாளைவிடப் பெரிய காரணம் என்பது என் ஊகம். அடுத்து நடந்தவற்றைப் பார்த்தால் ஊகம் வலுக்கிறது. 2003இல் 'செகண்ட் டு நன்' என்ற இரண்டாம் தொகுப்பு வந்தது. முதல் தொகுப்பு விட்டுவிட்ட 'தட்ஸ் ஆல் ரைட்', 'ப்ளூ ஸ்வேட் ஷூஸ்', 'விவா லாஸ் வேகாஸ்', 'ஆல்வேஸ் ஆன் மை மைண்ட்' எல்லாம் அதில் இருந்தன. பால் ஓக்கன்ஃபோல்ட் என்ற டிஜேயின் ஒரு ரீமிக்ஸும் இருந்தது, ஆனால் முந்தையது போல அது பற்றிக்கொள்ளவில்லை. 2005 தொடக்கத்தில் பிரிட்டனில் அவருடைய முதலிட சிங்கிள்களை வாரம் ஒன்றாக மறுபடி இறக்கினார்கள். சிங்கிள் விற்பனை படுத்துக்கிடந்த நேரம் அது. 'ஜெயில்ஹவுஸ் ராக்' மறுபடி முதலிடம், அடுத்த வாரமே 'ஒன் நைட்' முதலிடம். பிரிட்டிஷ் பட்டியல் வரலாற்றின் ஆயிரமாவது முதலிடப் பாட்டு என்ற பெருமையும் இறந்து 27 ஆண்டான அவருக்கே போனது.

2011இல் ஐரோப்பிய ஒன்றியம் பாதுகாப்பை 70 ஆண்டாக நீட்டியது. ஆனால் அதற்குள் காலாவதியானவை திரும்பவில்லை. 1962 முடிய வெளிவந்தவை அனைத்தும் அங்கே பொதுச் சொத்து. இந்தத் தொகுப்பின் 23 பாட்டுகளை, அசல் மோனோ வடிவில், ஐரோப்பாவில் யாரும் மலிவு விலையில் போட்டு விற்கலாம், விற்கவும் செய்கிறார்கள்.

எல்விஸ் குடும்பம் பிழைத்த வழி வேறு. ராயல்டி கைவிட்டுப் போன நிலையில் எல்விஸின் முன்னாள் மனைவி பிரிசில்லா 1982 ஜூனில் கிரேஸ்லேண்ட் வீட்டைப் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டார். இறந்தவரின் பெயரும் உருவமும் வாரிசுக்குச் சேரும் சொத்து என்று டென்னசி மாநிலம் 1984இல் சட்டம் இயற்றியது, அதன் பின்னால் எல்விஸ் தரப்பின் உழைப்பு நிறையவே இருந்தது. பாட்டு ஒருவர் கையில், வரிகளும் மெட்டும் வேறு சிலர் கையில், முகமும் பெயரும் இன்னொருவர் கையில் என்று எல்விஸ் பிரிந்து கிடந்தார். 2002 சிடி போன்ற ஒன்று வந்தால் நிறுவனத்துக்குத் தட்டு விற்கும். குடும்பத்துக்கு கிரேஸ்லேண்ட் வாசலில் கூட்டம் சேரும், முகம் போட்ட சட்டையும் கோப்பையும் விற்கும். இரு தரப்பும் கைகோத்து வேலை செய்ய அதுவே போதுமான காரணம். லிசா மேரி, எல்விஸின் பெயரையும் உருவத்தையும் நிர்வகித்த நிறுவனத்தின் 85 சதவீதத்தை 2005இல் ராபர்ட் சில்லர்மன் என்ற தொழிலதிபரின் நிறுவனத்துக்குச் சுமார் 10 கோடி டாலர் பெறுமானத்துக்கு விற்றார். பாட்டுகளின் ராயல்டிக்கு 1973இல் கிடைத்த 54 லட்சத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இப்போது பேச்சு குரலுக்கு வந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவால் ஒரு பாடகரின் குரலைப் போலி செய்வதைத் தடுக்க டென்னசி 2024 மார்ச்சில் தன் பழைய சட்டத்தை விரித்து, குரலையும் பெயர், உருவத்தோடு சேர்த்துப் பாதுகாத்தது. அந்த ஆண்டு ஜூலை 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. சட்டத்தின் நீளப் பெயரில் வரும் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'எல்விஸ்' என்று வரும்படி பெயர் வைத்திருக்கிறார்கள்.